ஒரு வரியில் போன நாலு நாள் மழை: கினிசிஸ் ஸ்ட்ரீமை அழிப்பது பற்றி

களமருதூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி நிற்கிறது. உள்ளே சீசா பலகை மாதிரி ஒரு சின்னக் கிண்ணம். 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்தால் ஒரு பக்கம் சாயும், கொட்டும், மறுபக்கம் நிமிரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு "டிக்". அந்த டிக்கை ஒரு இஎஸ்பி32 போர்டு எண்ணி, வீட்டு வைஃபை வழியாக அனுப்பும். எனக்கு வேலை சென்னையில். ஊரில் அப்பாவும் அம்மாவும். மழையை அங்கிருந்தபடியே பார்க்க வேண்டும் என்பதால்தான் கிளவுட்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு: தாலுகா மழைமானிக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்த மொத்தத்தைச் சொல்லும். எந்த மணி நேரத்தில் எவ்வளவு வேகத்தில் பெய்தது என்பது அந்த ஒற்றை எண்ணில் இருக்காது. 10 செ.மீ. மழை இருபது மணி நேரத்துக்கு நின்று நிதானமாகப் பெய்தால் மண் குடித்துக்கொள்ளும். அதே 10 செ.மீ. இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் வரப்பு உடைந்து மண்ணும் சேர்ந்து போகும். உளுந்தூர்பேட்டை சுற்றுவட்டாரத்தில் இந்த வேகக் கணக்கை ஒரு நாலைந்து வருஷமாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பொழுதுபோக்கு ஆராய்ச்சிதான். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

இந்தப் பதிவு மழையைப் பற்றியது அல்ல. அந்த மழைக் கணக்கை நானே ஒரு வரி பைத்தானில் அழித்த கதை. அழிக்கும் முன் நான் பார்த்திருக்க வேண்டியவை என்ன, அழித்த பிறகு எங்கே தேடினேன் என்பதும் இதில் உண்டு. அமேசான் கினிசிஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கும் "டெலீட்" என்ற சொல் கிளவுடில் என்ன பொருள் தருகிறது என்று புரியும்.

ஸ்ட்ரீம் என்பது வாய்க்கால்

கினிசிஸ் டேட்டா ஸ்ட்ரீம் 2013 முதல் இருக்கிறது. ஒரு பக்கம் டேட்டாவைப் போடுவோம், மறுபக்கம் யாரோ படிப்பார்கள். போடுகிறவரும் படிக்கிறவரும் ஒருவருக்கொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் இது வாய்க்கால், ஏரி இல்லை. தண்ணீர் கொஞ்ச நேரம் அதில் நிற்கும். வாய்க்காலின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஷார்டு என்று பெயர். ஒரு ஷார்டு ஒரு நொடிக்கு 1 எம்பி அல்லது 1,000 ரெக்கார்டு வாங்கும். படிக்கிற பக்கம் நொடிக்கு 2 எம்பி.

போட்ட ரெக்கார்டு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு ரிடென்ஷன் என்று ஒரு அமைப்பு. சும்மா விட்டால் 24 மணி நேரம். வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம், உச்சம் 365 நாள். நான் 7 நாள் வைத்திருந்தேன். ஏதாவது தகராறு வந்தால் ஒரு வாரத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. இந்த ஏழு நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஏற்பாடு இதுதான். போர்டு ஒவ்வொரு டிக்கையும் ஒரு ரெக்கார்டாக ஸ்ட்ரீமில் போடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு குட்டி ரெக்கார்டும் போடும். மறுபக்கம் ஒரு லாம்டா ஃபங்ஷன் அதைப் படித்து எஸ்3-இல் கோப்பாக எழுதும். எஸ்3தான் ஏரி. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பத்திரம்.

இத்துனூண்டு டேட்டாவுக்குக் கினிசிஸ் எதற்கு என்று இதற்குள் சிலர் சிரித்திருப்பீர்கள். நியாயம்தான். வேலையில் தினமும் புழங்குகிற கருவியை வீட்டுக்கும் எடுத்து வருவது எங்கள் தொழில்காரர்களுக்கு உள்ள வியாதி. கல்யாண மண்டப அண்டாவில் ஒரு ஆளுக்குக் காபி போடுவது மாதிரி.

பில்

ஸ்ட்ரீம் ஆரம்பிக்கும்போது இரண்டு வகை கேட்கும். ப்ரொவிஷன்டு என்றால் எத்தனை ஷார்டு என்று நாமே சொல்ல வேண்டும். ஆன்-டிமாண்ட் என்றால் அதுவே பார்த்துக்கொள்ளும். பெயரைப் பார்த்து, ஆன்-டிமாண்ட் என்றால் உபயோகித்தால்தான் காசு என்று நினைத்தேன். தப்பு. அதில் ஸ்ட்ரீம் சும்மா இருந்தாலும் மணிக்கு 0.04 டாலர். பழக்கதோஷத்தில் வர்ஜீனியா ரீஜனில் போட்டிருந்தேன், இது அந்த ஊர் விலை. 30 நாளுக்கு 720 மணி, ஆக 28.80 டாலர். கிட்டத்தட்ட 2,400 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ப்ரொவிஷன்டில் ஒரே ஒரு ஷார்டின் அடிப்படைக் கட்டணம் மணிக்கு 0.015, மாதம் 10.80 டாலர்தான். ஒரு மாத மழையின் மொத்த டேட்டா ஒரு வாட்ஸாப் போட்டோ அளவுகூட இருக்காது என்பது வேறு விஷயம்.

2024 டிசம்பர் 3-ஆம் தேதி அந்த நவம்பர் பில் கார்டில் ஏறியது. முந்தின வாரம் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் பல மணி நேரம் அங்கேயே உட்கார்ந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கமெல்லாம் விடாத மழை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணைக் கரையோரம் முழுக்க வெள்ளம். எங்கள் மழைமானி வைத்த பிறகு வந்த முதல் பெரிய சம்பவம் இது. இதற்காகவே வைத்தது என்றும் சொல்லலாம்.

அந்த நாலு நாளும் சென்னையில் எனக்கு வேறு பாடு. எஸ்3-ஐத் திறந்து பார்க்க நேரமில்லை. டிசம்பர் 4 இரவு பில்லைப் பார்த்தேன். புயல் முடிந்தது, டேட்டா வந்து சேர்ந்திருக்கும், இந்த அண்டாவைக் கவிழ்த்துவிட்டு மலிவாக வேறு ஏதாவது வைப்போம் என்று முடிவு செய்தேன்.

பைத்தானில் போட்டோ3 என்று ஒரு லைப்ரரி (படம் எடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). அதை இறக்குமதி செய்ய ஒரு வரி, கினிசிஸ் கிளையன்ட் உருவாக்க ஒரு வரி, டெலீட் ஸ்ட்ரீம் என்று பெயரைக் கொடுத்துக் கூப்பிட ஒரு வரி. மூன்றே வரி. ஓட்டினேன். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. 200 என்று பதில், உள்ளே வெற்று. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் அப்பா போன்.

"ஏம்பா, மிஷினு எவ்ளோ காட்டுச்சி? இங்க ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றானுவ."

"இருப்பா, பாத்துச் சொல்றேன்."

எஸ்3-ஐத் திறந்தேன். கடைசிக் கோப்பு நவம்பர் 30 இரவு 11.40. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

என்னதான் நடந்தது

லாம்டாவின் பதிவுகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. 11.40-க்குக் கரண்ட் விட்டு விட்டு வந்திருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தில் போர்டு பாதியில் அறுந்த ஒரு ரெக்கார்டை அனுப்பியிருக்கிறது. என் லாம்டா அதைப் பிரிக்க முயன்று, முடியாமல் பிழை எறிந்து விழுந்திருக்கிறது.

கினிசிஸைப் படிக்கும் லாம்டாவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தொகுதி தோற்றால் அதைத் தாண்டிப் போகாது. வரிசை மாறக்கூடாது என்பதால் அதே தொகுதியை மறுபடி மறுபடி முயலும். எத்தனை தடவை? நாம் எதுவும் சொல்லாவிட்டால், அந்த ரெக்கார்டு ரிடென்ஷன் முடிந்து காலாவதியாகும் வரை. என் விஷயத்தில் ஏழு நாள். போர்டின் பெயரையே பார்ட்டிஷன் கீயாகக் கொடுத்திருந்ததால் எல்லா ரெக்கார்டும் ஒரே ஷார்டில்தான் விழும். ஆக, மதகில் ஒரு மரக்கட்டை சிக்கிக்கொண்டது மாதிரி. பின்னால் நாலு நாள் மழையும் வாய்க்காலில் தேங்கி நின்றது. நல்ல ரெக்கார்டுகள், ஒன்றுகூடக் கெடாமல். லாம்டாவில் ஒரு வரி திருத்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் மொத்தமும் எஸ்3-க்கு வழிந்திருக்கும்.

நான் வாய்க்காலையே தூர்த்துவிட்டேன்.

வழக்கமாக ஸ்ட்ரீமை நாம் தற்காலிகம் என்றுதான் நினைக்கிறோம். உண்மையான டேட்டா எஸ்3-இல், டேட்டாபேஸில் இருக்கிறது, ஸ்ட்ரீம் வெறும் குழாய் என்று. படிக்கிறவர் ஒழுங்காக ஓடும்வரை அது சரி. அவர் நின்ற நொடியிலிருந்து ஸ்ட்ரீம்தான் ஒரே பிரதி. கன்சோலில் இரண்டுக்கும் ஸ்ட்ரீமின் நிலை ஒரே மாதிரிதான் தெரியும்: ஆக்டிவ்.

இருக்கும் காவல் எதற்குக் காவல்

கினிசிஸில் காவலே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரீமுக்குப் பதிவு செய்த கன்ஸ்யூமர் இருந்தால் டெலீட் கட்டளை மறுத்துவிடும், "ரிசோர்ஸ் இன் யூஸ்" என்று திட்டும். என்ஃபோர்ஸ் கன்ஸ்யூமர் டெலீஷன் என்ற கொடியை நாமாக உயர்த்திச் சொன்னால்தான் அவர்களையும் சேர்த்து அழிக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "பதிவு செய்த கன்ஸ்யூமர்" என்றால் என்ஹான்ஸ்டு ஃபேன்-அவுட் என்ற தனி வழியில் படிப்பவர் மட்டும்தான். அதற்குத் தனிக் காசு. சாதாரணமாக வந்து எட்டிப் பார்த்து எடுத்துப் போகிறவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். சும்மா இணைத்த லாம்டா, நாமே எழுதிய படிப்பான் எல்லாம் அந்த ரகம். கினிசிஸைப் பொறுத்தவரை என் லாம்டா பதிவேட்டில் இல்லாத ஆள். எனவே கட்டளை ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் போய்விட்டது.

இசி2 கட்டளைகளில் ட்ரை ரன் என்று ஒத்திகை பார்க்கும் வசதி உண்டு. கினிசிஸின் டெலீட்டில் அது கிடையாது. திரும்பப் பெறும் தொட்டியும் கிடையாது. அதே பெயரில் மறுபடி ஸ்ட்ரீம் உருவாக்கலாம், ஆனால் அது புதுசு, காலி.

இன்னொரு வேடிக்கை. டெலீட் சொன்னதும் ஸ்ட்ரீம் உடனே மறைவதில்லை. முதலில் "டெலீட்டிங்" என்ற நிலைக்குப் போகும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் இல்லாமல் போகும். அந்த இடைவேளையில் அது ரெக்கார்டுகளை வாங்கிக்கொண்டே இருக்கலாம், வெற்றி என்று பதிலும் சொல்லலாம். எங்கள் வீட்டு போர்டு அப்படி இரண்டு ரெக்கார்டு போட்டு, வெற்றி என்று தன் பதிவில் எழுதி வைத்திருந்தது. பாவம். முழுசாக அழிந்த பிறகுதான் "அப்படி ஒரு ஸ்ட்ரீம் இல்லை" என்ற பிழை அதற்கு வந்தது.

அப்படியானால் ஸ்கிரிப்ட் எப்படி இருக்க வேண்டும்

கோடை இங்கே ஒட்டவில்லை. ஒட்டினால் காப்பி பண்ணி ஓட்டிவிடுவீர்கள். நானும் அப்படி எங்கிருந்தோ எடுத்த மூன்று வரியைத்தான் ஓட்டினேன். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். எழுதினால் நாற்பது, ஐம்பது வரி வரும். டெலீட் அதில் ஒரு வரிதான்.

முதலில் ரீஜன். கிளையன்ட் உருவாக்கும்போதே எந்த ரீஜன் என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கணினியில் எது அமைந்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். மும்பையில் ஒன்றும் வர்ஜீனியாவில் ஒன்றுமாக ஒரே பெயரில் இரண்டு ஸ்ட்ரீம் இருக்க முடியும், கினிசிஸ் தடுக்காது. ஸ்கிரிப்ட் ஆரம்பத்திலேயே கணக்கு எண், ரீஜன், ஸ்ட்ரீம் உருவான தேதி மூன்றையும் திரையில் காட்டட்டும். உருவான தேதியைப் பார்த்தாலே பாதி தப்பு பிடிபடும்.

பிறகு, யாராவது எழுதுகிறார்களா? கிளவுட்வாட்சில் இன்கமிங் ரெக்கார்ட்ஸ் என்ற அளவு இருக்கிறது. கடைசிச் சில நாள் கூட்டலை எடுங்கள். பூஜ்யம் இல்லை என்றால் ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும். எழுதுகிறவரை முதலில் நிறுத்திவிட்டு வா என்று சொல்ல வேண்டும். நான் போர்டைக்கூட நிறுத்தவில்லை.

அடுத்துதான் முக்கியமானது: படிக்கிறவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்? லாம்டா என்றால் இட்டரேட்டர் ஏஜ் என்ற அளவைப் பாருங்கள். மில்லி விநாடியில் இருக்கும். ஒழுங்காக ஓடினால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். எனக்கு அன்று அது 34 கோடியைத் தாண்டியிருந்தது, அதாவது நாலு நாள். கிராஃபில் ஒரு ஏணி சாய்த்து வைத்தது போல நேர்கோடாக ஏறியிருக்கிறது. பார்த்திருந்தால் குழந்தைக்கும் தெரியும்.

இங்கே ஒரு சூட்சுமம். கிராஃபில் பூஜ்யம் இருப்பது வேறு, எதுவுமே இல்லாமல் வெறுமையாக இருப்பது வேறு. பூஜ்யம் என்றால் படித்து முடித்துவிட்டார். வெறுமை என்றால் படிக்கவே யாரும் வராமல் இருந்திருக்கலாம். ஸ்கிரிப்டில் இரண்டையும் ஒன்றாகப் பாவித்தால் அதிமோசமான நிலைமை "எல்லாம் சரி" என்று தெரியும். புள்ளிகளே வராவிட்டால் நிறுத்து, அவ்வளவுதான்.

பின்தங்கல் இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ, அழிக்கும் முன் ஸ்ட்ரீமில் இருப்பதை முழுக்க ஒரு கோப்புக்கு இறைத்துவிடுங்கள். ஷார்டுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ட்ரிம் ஹொரைசன் என்ற இடத்திலிருந்து, அதாவது இருப்பதிலேயே பழைய ரெக்கார்டிலிருந்து, படிக்க ஆரம்பிக்க வேண்டும். ஒரு முறை கேட்டால் அதிகபட்சம் 10,000 ரெக்கார்டு அல்லது 10 எம்பி தரும். ஒரு ஷார்டை நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் கேட்கக்கூடாது. கையில் இருக்கும் இட்டரேட்டர் ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும். இதில் எல்லோரும் விழும் பள்ளம்: காலியான பதில் வந்தால் முடிந்துவிட்டது என்று நினைப்பது. இடையிலேயே காலிப் பதில்கள் வரும், அதற்கு அப்பால் ரெக்கார்டு இருக்கும். பதிலோடு வரும் மில்லிஸ் பிஹைண்ட் லேட்டஸ்ட் பூஜ்யமாகும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இத்தனையும் ஆன பிறகு, ஸ்ட்ரீமின் பெயரைக் கையால் டைப் செய்யச் சொல்லுங்கள். "ஒய் / என்" கேட்டால் விரல் தானாக ஒய் அடிக்கும். ஸ்ட்ரீம் பெயரில் தமிழ் எழுத்து வைக்க முடியாது, ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு மட்டும்தான். "களமருதூர்" என்பதை ஆங்கிலத்தில் எழுதப் போனால் அந்த "தூ"வுக்கு ஒரு எழுத்தா இரண்டா என்று ஒவ்வொரு முறையும் எனக்கே குழப்பம். பஸ் போர்டிலேயே ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். ஆனால் அந்தக் குழப்பத்தால் இரண்டு நொடி யோசிக்கிறேன் இல்லையா, அது போதும்.

டெலீட் கட்டளையை விட்ட பிறகு உடனே "முடிந்தது" என்று எழுதாதீர்கள். போட்டோ3-இல் "ஸ்ட்ரீம் நாட் எக்ஸிஸ்ட்ஸ்" என்று ஒரு வெயிட்டர் உண்டு. 10 நொடிக்கு ஒரு தரம், 18 தரம் வரை பார்க்கும். மூன்று நிமிடத்தில் ஸ்ட்ரீம் மறையாவிட்டால் பிழை சொல்லும். ஒரே நேரத்தில் நூறு ஸ்ட்ரீமை அழிக்கிறவர்களுக்கு: டெலீட் கட்டளை ஒரு கணக்குக்கு நொடிக்கு ஐந்துதான். இடையில் மூச்சு விடுங்கள்.

அலுவலகத்தில் செய்கிறவர்கள் ஸ்கிரிப்டை மட்டும் நம்பாமல் ஐஏஎம் பாலிசியிலும் ஒரு தடை போடலாம். நிஜ ஸ்ட்ரீம்களின் பெயரெல்லாம் ஒரே முன்னொட்டில் தொடங்கட்டும். அந்த முன்னொட்டுள்ள எதற்கும் டெலீட் ஸ்ட்ரீம் மறுக்கப்படும் என்று எழுதிவிட்டால், எவன் எந்த ஸ்கிரிப்டை ஓட்டினாலும் முட்டிக்கொண்டு நிற்கும். நிஜமாகவே அழிக்க வேண்டிய நாளில் தடையை எடுக்க இன்னொருவரிடம் போய்க் கேட்க வேண்டும். அந்தக் கேட்பதுதான் தேவை.

அழித்தாலும் போகாதவை

ஸ்ட்ரீமை அழித்தால் அதன் ஷார்டுகளும் ஒட்டிய டேகுகளும் போகும். சுற்றி இருப்பவை போகாது. லாம்டாவுக்கும் ஸ்ட்ரீமுக்கும் இடையிலான இணைப்பு அப்படியே பிழை காட்டிக்கொண்டு கிடக்கும், தனியாக நீக்க வேண்டும். கேசிஎல் என்ற லைப்ரரியால் படிப்பவர்களுக்கு டைனமோடிபியில் ஒரு டேபிள் தானாக உருவாகியிருக்கும். எந்த ஷார்டில் எதுவரை படித்தோம் என்ற குறிப்பு அதில்தான். ஸ்ட்ரீம் போன பிறகும் அது இருக்கும், அதற்கான காசும் ஓடும். அதைவிட மோசம், அதே பெயரில் புது ஸ்ட்ரீம் உருவாக்கினால் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு புது ஸ்ட்ரீமில் இல்லாத இடத்தைத் தேடும். என்ன பிரச்சினை என்று கண்டுபிடிக்க அரை நாள் போகும்.

ஸ்ட்ரீமில் மனிதர்களின் பெயரோ போன் நம்பரோ ஓடினால் இது பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய காரியம் முடிந்தால் அந்தத் தரவை அழிப்பது வைத்திருப்பவரின் கடமை. ஸ்ட்ரீமை அழித்துவிட்டு "அழித்துவிட்டோம்" என்று எழுதிக் கொடுத்தால் அது உண்மை ஆகாது. படித்துப் போனவர்களிடம் எல்லாம் பிரதி இருக்கிறது, லாக் கோப்புகளில் இருக்கிறது. என் மழைக்கு அப்படி ஒரு பிரச்சினை இல்லை. பிரதி எங்கேயாவது இருக்காதா என்று ஏங்கியவன் நான்.

அந்த ஏக்கத்தில்தான் ஒன்று தட்டுப்பட்டது.

கிளவுட்வாட்ச்

டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. இதே பதிவை எழுதுவதற்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். "இன்கமிங் ரெக்கார்ட்ஸ் பூஜ்யமா என்று பார்க்க வேண்டும்" என்று எழுதும்போது கை நின்றது. ஸ்ட்ரீமை அழித்தேன். கிளவுட்வாட்ச் அளவுகளை யார் அழித்தது? அவை ஸ்ட்ரீமோடு போவதில்லை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை ரெக்கார்டு வந்தது என்ற எண்ணிக்கை அங்கே இருக்கும். என் ஏற்பாட்டில் ஒரு டிக், ஒரு ரெக்கார்டு. ஆக, ரெக்கார்டின் எண்ணிக்கைதான் மழை!

ஆனால் கிளவுட்வாட்சுக்கும் மறதி உண்டு. ஒரு நிமிடத் துல்லியத்தில் 15 நாள்தான் வைத்திருக்கும். பிறகு ஐந்து நிமிடத் தொகுப்பாக 63 நாள் வரை, அதற்கப்புறம் ஒரு மணி நேரத் தொகுப்பாக 15 மாதம் வரை. நவம்பர் 30 இரவின் நிமிடக் கணக்குக்கு இரண்டு நாள்தான் மிச்சம். பட்டியலிலும் கடைசி இரண்டு வாரத்தில் புள்ளி வந்த அளவுகள்தான் தெரியும். அதற்கு மேல் போனால் பெயரை நாமே சரியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அன்றிரவே எடுத்தேன். ஒரு சிக்கல், "உயிரோடு இருக்கிறேன்" ரெக்கார்டுகளும் எண்ணிக்கையில் கலந்திருக்கும். அதற்கு இன்கமிங் பைட்ஸ் உதவியது. என் டிக் ரெக்கார்டு எப்போதும் 62 பைட், உயிர்க்குறி 40 பைட். ஒரு நிமிடத்தில் 7 ரெக்கார்டு, 412 பைட் என்று இருந்தால், ஆறு டிக், ஒரு உயிர்க்குறி. பத்தாம் வகுப்பு சமன்பாடு. ஆறு டிக் என்றால் அந்த ஒரு நிமிடத்தில் 1.2 மில்லிமீட்டர். டிசம்பர் 4 வரை ஒவ்வொரு நிமிடத்துக்கும் இப்படிப் போட்டு ஓட்டினேன். டெலீட் வரியைவிட நீளமான ஸ்கிரிப்ட்தான்.

முழுசாகத் தேறவில்லை. டிசம்பர் 1 அதிகாலை 2.10 முதல் 6.35 வரை வீட்டில் நெட் இல்லை. அந்த நேரத்து டிக்குகளை போர்டு தன் மெமரியில் சேர்த்து வைத்து, நெட் வந்ததும் மொத்தமாகக் கொட்டியிருக்கிறது. எந்த டிக் எந்த நிமிடம் என்பது ரெக்கார்டுக்குள் இருந்தது, ரெக்கார்டு போச்சு. எனவே அந்த நாலரை மணி நேரத்துக்கு மொத்தம் தெரியும், வேகம் தெரியாது. மழை கொட்டிய நேரம் அதுதான் என்று அம்மா சொல்கிறாள். கிராஃபில் அந்த இடத்தைச் சராசரி போட்டு நிரப்பாமல் வெள்ளையாகவே விட்டிருக்கிறேன்.

இப்போது போர்டிலேயே ஒரு எஸ்டி கார்டு சொருகியிருக்கிறேன். டிக் முதலில் அங்கே எழுதப்படும், பிறகுதான் வெளியே போகும். கினிசிஸ் இல்லை. மாதச் செலவு ஏறக்குறைய பூஜ்யம்.

அப்பாவிடம் மொத்தக் கணக்கைச் சொன்னேன். அதற்குள் பத்து நாள் ஆகியிருந்தது. "நடுராத்திரிக்கு மேல எவ்ளோன்னு தனியாத் தெரியலயா?" என்று கேட்டார். இல்லப்பா என்றேன்.